நான் விரித்த படுக்கை

கயல்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பந்தல்காரர் வந்து வாசலை அளந்துவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா கூடம் முழுக்கச் சேலைகளைப் பரப்பிவைத்து, யாருக்கு எது என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் ஒரு வேலை கொடு என்று கேட்டேன். "நீங்க குறுக்க நடக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க" என்றாள். அதனால் மாடியில் வந்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். இதை என் பழைய மாணவன் நடத்தும் மாத இதழிலும் போடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு இந்த வயதில் விளம்பரம் எதற்கு என்று கோபித்துக்கொள்ளாதே. தெருவே கேட்கும்படி உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னவன் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதை மட்டும் காதோடு சொன்னால் அது நியாயமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் தினேஷும் குட்டி யானை வண்டியோடு வந்து உன் அறையைக் காலி செய்தீர்கள். கல்யாணம் ஆகிப் போகிற பெண் நாலு சேலையும் நகைப்பெட்டியும் எடுத்துப்போவாள் என்று நினைத்தேன். நீ துடைத்து எடுத்துவிட்டாய். புத்தகங்கள், பசுமாட்டின் எலும்புகளுக்கெல்லாம் பேர் போட்ட அந்தப் பெரிய படம், பஞ்சு வெளியே தெரிகிற பழைய தலையணை, கடைசியாகக் கட்டில். "அங்க புதுக் கட்டில் வாங்கியாச்சேடி, இது எதுக்கு?" என்று அம்மா கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிற பாவனையில் நின்றிருந்தேன். நீ குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாய். முப்பது வருஷம் கடைசி பெஞ்சின் முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய காது இது, விடுமா? "இருக்கட்டும்மா. அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. நல்லதோ கெட்டதோ அங்கயே பாத்துக்கிறேன். இங்க வந்து நிக்கமாட்டேன்." நீ கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன், மாப்பிள்ளையோடு ஒரே தட்டில் முறுக்கு தின்றுவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை நீ இன்னும் மடியில் கட்டிக்கொண்டு திரிகிறாய் என்று எனக்குத் தெரியாது.

ஆடி மாதக் கடைசியில் அதைச் சொன்னேன். தரங்கம்பாடிப் பக்கத்தில் மாட்டு டாக்டராக வேலைக்குப் போன பெண், ஒரு வெள்ளாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போய், அந்த வீட்டுப் பையனையே கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றால், நெல் வயலைத் தவிர வேறு உலகம் தெரியாத ஒரத்தநாட்டு வாத்தியார் என்ன செய்வான்? படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன், அப்பாவோடு கடலுக்கும் போகிறவன், நம் ஆட்களும் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும் என்று உனக்குத் தெரியும். வாசலில் நின்று முதலில் இங்கிலீஷில் சொன்னேன். பால்காரருக்கும் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் புரியாமல் போய்விடக் கூடாதே என்று தமிழிலும் சொன்னேன். "நீயே விரிச்ச பாயி, நீயேதான் படுக்கணும். நாளைக்கு முதுகுல குத்துதுன்னு இங்க வந்து நிக்காத." உள்ளேயிருந்து உன் அம்மாதான் பேசினாள். "முப்பத்தோரு வருஷமா ஒங்க பாயை விரிக்கிறது நானு. நீங்க படுக்க மட்டுந்தான் செய்றீங்க. பாயைப் பத்திப் பேச வந்துட்டீங்க!" பால்காரர் கறந்த பாலைச் சிந்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

அந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம். கரும்பலகையின் மூலையில் தினமும் ஒன்று எழுதிப்போடுவேன். செய்த காரியத்தின் பலனை அனுபவி என்று சொல்ல அவர்களிடம்தான் எத்தனை விதம்! விரித்த படுக்கையில் படு என்பது ஒன்று. பகலில் விரட்டிவிட்ட கோழிகள் பொழுது சாய்ந்தால் உன் கூட்டுக்குத்தான் வந்து அடையும் என்பது ஒன்று. வைத்த வெடியில் வைத்தவனே பறப்பான், உன் சாற்றில் நீயே வேகு, விதைத்ததைத்தான் அறுப்பாய் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நாயோடு படுத்தவன் உண்ணியோடு எழுவான் என்று ஒன்று உண்டு. நீ கால்நடைக் கல்லூரியில் சேர்ந்த அன்று அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். "உண்ணிக்கு மருந்து இருக்குப்பா, வாயிக்குத்தான் இல்ல" என்றாய். நம் பாஷையும் இதில் இளைத்ததில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும், தன் வினை தன்னைச் சுடும் என்று நம்மிடமும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே "நல்லா வேணும்" என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அதைச் சொல்லும்போது நாக்கில் ஊறுகிற இனிப்புக்கு ஈடே கிடையாது. எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. அவற்றை எங்கே, எப்போது எடுத்து வீசினேன் என்பதில்தான் என் தப்பு இருக்கிறது.

உனக்கு எட்டு வயது இருக்கும். வயலில் எலிக்கு வைக்கிற மூங்கில் கிட்டியைத் தொடாதே என்று பத்துத் தடவை சொல்லியிருந்தேன். வில் மாதிரி வளைத்துக் கயிறு பூட்டி வைத்திருக்கும், எலி தலையை நீட்டினால் இறுக்கிவிடும். நீ எலிக்குப் பதிலாக ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தாய். நீ அலறினாய், நான் ஓடி வந்தேன். ஓடி வந்தவன் உடனே கயிற்றைத் தளர்த்தியிருக்க வேண்டும் அல்லவா? நான் இடுப்பில் கைவைத்து நின்று, "நல்லா வேணும். சொன்னா கேட்டாத்தான?" என்று ஆரம்பித்து, ஒரு இங்கிலீஷ் பழமொழியும் சொல்லி, அதற்கு அர்த்தமும் சொன்னேன். அதற்குள் உன் அம்மா வரப்பில் ஓடி வந்து, என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு விரலை எடுத்துவிட்டாள். உன் நகம் கறுத்து விழுந்து முளைத்தது. அன்றைக்கு அந்தப் பழமொழியை நீ கற்றிருப்பாய் என்று நம்பினேன். நீ கற்றது வேறு. விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும், அதற்குப் பிறகு நீ என்னிடம் வந்து அழுததே இல்லை. அம்மாவிடம்தான் போனாய். என் மகள் தைரியசாலி என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று இப்போதுதான் தெரிகிறது, கயல்.

சரி, இனி நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருவோம். உனக்குப் பாதிதான் தெரியும். நீ கோபித்துக்கொண்டு போன மறுவாரம் உன் அம்மா அவள் அண்ணன் பேத்திக்குக் காது குத்து என்று பேராவூரணி போனாள். நாலு நாள் இருந்துவிட்டு வந்து விதை ஊறப்போடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு இருந்த வேகத்தில், நான் யாரையும் நம்பி இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. யாருக்குக் காட்ட? அப்போது வீட்டில் மாடு மட்டும்தான் இருந்தது. விதை நெல் மூட்டைகளில் இரண்டை அவிழ்த்து ஊறப்போட்டு, முளைகட்டி, நாற்றங்காலில் நானே தெளித்தேன். ஒரு மூட்டையின் வாயில் சிவப்புச் சேலைத் துணி, இன்னொன்றில் நீலச் சேலைத் துணி கட்டியிருந்தது. கைக்குக் கிடைத்த கிழிசலை வைத்துக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். முப்பத்தோரு வருஷமாக அவள் அப்படித்தான் நெல்லைப் பிரித்து வைத்துவருகிறாள். சிவப்பு என்றால் நாலு மாதத்துக்குள் வருகிற குறுவை நெல், நீலம் என்றால் ஐந்து மாதத்துச் சம்பா நெல். ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அவள் ஊரிலிருந்து வந்தபோது விதை முளைத்திருந்தது, நாற்றில் சிவப்பும் நீலமும் தெரியாதே. அந்த நாற்று இரண்டையும் நடவு ஆட்கள் பறித்து, கலந்து, ஒன்றரை ஏக்கரிலும் நட்டுவிட்டார்கள்.

ஐப்பசி வந்தது. வயலில் ஒரு திட்டு கதிர் வாங்கிக்கொண்டு நிற்கிறது, பக்கத்துத் திட்டு இன்னும் கதிர் விடாமல் பச்சையாகத் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா வரப்பில் நின்று பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செவப்புத் துணியையும் அவுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். டீக்கடையில் இது ஒரு புது முறை என்று அளந்துவிட்டேன். யாரும் நம்பவில்லை. "ரெண்டு வகுப்பை ஒரே ரூமுல ஒக்கார வச்சிட்டீங்களே சார்" என்றார் பக்கத்து வயல்காரர். விதைத்ததை அறுப்பாய் என்று முப்பது வருஷம் பலகையில் எழுதியவன் வயல், மெயின் ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி மஞ்சளும் பச்சையுமாக நின்றது. பஸ்ஸில் போகிறவன்கூடத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இதில் சிரிக்க முடியாத பாகம் ஒன்று இருந்தது. குறுவை நெல்லை ஆவணியில் விதைத்தால் அது சரியாகக் கார்த்திகை மழையில்தான் பழுக்கும். பழுத்தது. புயல் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள், நமக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அறுப்பு மெஷின்காரர் வந்து பார்த்துவிட்டு, "உள்ள எறக்குனா பச்சை அத்தனையும் சக்கரத்துக்குப் போயிடும் சார்" என்று கையை விரித்தார். கையால்தான் அறுக்க வேண்டும், ஆனால் ஆள் எங்கே இருக்கிறது? நான் யாரிடமும் போய்க் கேட்கவும் இல்லை. எனக்கு நல்லா வேணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதில்கூட ஒரு பெருமை இருந்தது. தண்டனையை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்கிறேனாம்!

மறுநாள் விடிந்ததும் வாசலில் மீன் வாசனை. எட்டிப் பார்த்தால் குட்டி யானை நிற்கிறது. அதிலிருந்து நீ இறங்கினாய், தினேஷ் இறங்கினான், அவன் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, சித்தப்பா, அத்தைகள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சின்ன வண்டிக்குள் பதினோரு பேர் எப்படி உட்கார்ந்து வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அம்மா எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் படியில் நின்றேன். நாலு மாதம் கழித்து உன் முகத்தைப் பார்க்கிறேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உன் கையில் அத்தனை வாக்கியங்களும் இருந்தன, நான் கொடுத்தவைதானே. கோழி கூட்டுக்கு வந்துவிட்டதாப்பா என்று கேட்டிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். என் விரல்தான் கிட்டிக்குள் இருந்ததே. நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாய். போகிற போக்கில் கேட்டாய். "அருவால்லாம் எங்கப்பா வச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான் கேட்டாய், கயல். அதற்குப் பிறகு நான் கொல்லைக்குப் போய் அரிவாள் தேடினேன் அல்லவா, ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று அம்மா திட்டினாளே, நான் அங்கே நின்று அழுதுகொண்டிருந்தேன். அரிவாள் கண்ணெதிரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்த கூத்தை எழுதினால் இதழில் இடம் போதாது. வீட்டில் இருந்தது நாலே அரிவாள். மற்றவர்கள் மீன் நறுக்கும் கத்தியோடு இறங்கினார்கள். தினேஷின் அண்ணி கதிரை மட்டும் பூப்பறிப்பதுபோலப் பறித்தாள். சித்தப்பா பச்சைத் திட்டில் இறங்கி நாலு வரிசை சுத்தமாக அறுத்துவிட்டு, "இது ஏன் சார் இவ்வளவு ஈரமா இருக்கு?" என்று கேட்டார். ஆனால் கட்டுக் கட்டுவதில் அவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கடல் முடிச்சு! கொட்டகையில் கொண்டுபோய் அடுக்கி, படகுத் தார்ப்பாயை மேலே இழுத்து, வலையைப் போட்டு இறுக்கினார்கள். புயல் போன பிறகு அந்த முடிச்சுகளை அவிழ்க்க எனக்கு அரை நாள் ஆனது.

மத்தியானம் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு தினேஷின் அம்மாவிடம் சொன்னேன், "எல்லாம் என் தப்புங்க. உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? நான் செஞ்சதுக்கு நான்தான் அனுபவிக்கணும்." அவர்கள் நிமிரக்கூட இல்லை. "புயலுன்னுட்டாங்க, ரெண்டு நாளா படகு எறங்கல. சும்மா குந்திகிட்டு கடலைப் பாக்குறதுக்குப் பதிலா இங்க வந்தோம். யாரு தப்புன்னு பேசிகிட்டு நின்னோம்னா கதிரு மொளச்சிப்புடும் சம்பந்தி" என்றார்கள். உன் கல்யாணத்துக்கு நான் அப்போது வாயைத் திறந்து சரி என்று சொல்லியிருக்கவில்லை. அவர்கள் பாட்டுக்குச் சம்பந்தி ஆக்கிவிட்டார்கள். அதே நேரம் அந்த அம்மாவின் கால் பச்சைத் திட்டுப் பக்கம் போனது. "அந்தப் பக்கம் மிதிச்சிடாதீங்க சம்பந்தி, அது சம்பா!" என்று கத்தினேன். வயலே நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது. உன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து சிரிக்கிறாள், தினேஷ் கத்தியைக் கீழே போட்டுவிட்டான், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். சிரித்தாயா அழுதாயா என்று இன்றுவரை கேட்கவில்லை. கயல் என்று மீன் பேரை வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகாதே என்றால் எப்படி என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து நான் யோசிக்கிறேன். கரும்பலகையில் நான் எழுதிய வாக்கியங்களில் எல்லாம் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அவனே விதைக்கிறான், அவனே அறுக்கிறான். அவனே விரித்து அவனே படுக்கிறான். நம் ஊரில் எவன் அப்படித் தனியாக ஒரு போகம் எடுத்திருக்கிறான்? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஒரு செம்பு மொண்டு கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லையே. உனக்குக் கல்யாண புத்திமதி என்று நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தினேஷ் தப்பு செய்வான். நீ அதைவிட நேர்த்தியாகச் செய்வாய், என் பெண் அல்லவா. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று நாக்கு நுனிவரை வரும். முதலில் விரலைக் கிட்டியிலிருந்து எடுத்துவிடு. பாடத்தைப் பிறகு நடத்தலாம். பெரும்பாலும் அதற்குள் பாடம் மறந்துபோயிருக்கும், நல்லதுதான்.

ஆகவே, பால்காரரும் எதிர்வீட்டுக்காரர்களும் இந்த இதழை வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் சாட்சியாகச் சொல்கிறேன். ஆடி மாதம் வாசலில் நின்று சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ வந்து நிற்கலாம். உன் மேல் தப்பிருந்தாலும் வரலாம், முழுத் தப்பும் உன்னுடையதாகவே இருந்தாலும் வரலாம். தினேஷோடு வா, தினேஷோடு சண்டை போட்டுக்கொண்டு வா, பின்னாலேயே அவனும் வரட்டும். யார் தப்பு என்று கேட்க மாட்டேன். அரிவாள் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கேட்பேன்.

காலையில் அம்மா பத்திரிகை வைக்கத் தஞ்சாவூர் போனதும், நான் கடைவீதிக்குப் போய் ஒரு கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் வாங்கிவந்து உன் அறையில் போட்டேன். இரண்டு பேர் படுக்கிற அளவு. இரண்டு தலையணை. விரிப்பை நானே விரித்தேன். ஒரு விரிப்புக்கு நாலு மூலை இருக்கிறது, ஒன்றை இழுத்தால் மற்றொன்று கழன்றுகொள்கிறது என்பது அறுபத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா வந்து கதவருகில் நின்று பார்த்தாள். கால்மாட்டில் ஒரு மூலை கோணலாக இருக்கிறது. அவள் கைக்கு அது பொறுக்காது என்று உனக்கே தெரியும். இன்றைக்கு அதைத் தொடாமல் போய்விட்டாள்.

படுக்கையை விரித்தது நான்தான், கயல். அதில் படுக்க வேண்டியது நீ.

அப்பா